உலைக்களத்தில் ஓர் ஒளிப்படம்

(பழங்காநத்தத்தில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



பழங்காநத்தம் என்னும் இவ்வூர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்தாலே பழமை மணக்கும். கா என்பது சோலை. நத்தம் என்பது மக்கள் குடியிருக்கும் ஊர்நிலம். இன்று ஊர்திகளின் இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும் இவ்வூரின் ஒருபால் கோவலன் பொட்டல் இருக்கின்றது. சிலம்பின் கோவலன் வெட்டுண்டு வீழ்ந்த இடம் அதுவே என்பது வழிவழி வரும் ஊர்வழக்கு. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையினர் 1980-81-இல் அப்பொட்டலை அகழ்ந்தனர். முதுமக்கள் தாழிகளும் கருப்புச் சிவப்புப் பானை ஓடுகளும் வெளிப்பட்டன. ஊர்வழக்கு மெய்யோ அன்றோ, ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே அந்நிலத்தில் மாந்தர் வாழ்ந்து, மாண்டு, தாழியுள் துயின்றனர் என்பது மெய். அத்தாழியை வனைந்தவன் ஒரு குயவன். அவன் பெயர் எவர்க்கும் தெரியாது.

கோவலனின் முடிவுக்கு வழிகோலியவன் ஒரு பொற்கொல்லன். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் மாதரிக்கும் ஐயைக்கும் பெயருண்டு. ஊரும் உறவும் உண்டு. காப்பியத்தையே திருப்பிவிட்ட அப்பொற்கொல்லனுக்கோ பெயர் இல்லை. தொழிலே அவனுக்குப் பெயராயிற்று. அவ்வொருவன் செய்த பிழைக்காகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி செய்தான் என்று காப்பியத்தின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை கூறும். ஆயிரவர்! உமியடுப்பின் முன் குனிந்து ஊதுகுழல் ஊதிய ஆயிரம் வாய்கள். குறடு பிடித்த ஆயிரம் கைகள். அவருள் ஒருவர் பெயரேனும் ஏட்டில் ஏறவில்லை. ஒருவன் செய்த குற்றம் ஒரு தொழிலின்மேல் ஏறிற்று. தொழிலுக்குள் இருந்த மாந்தர் மறைந்துபோயினர்.

இதற்கு மறுதலையான சான்றும் மதுரையருகிலேயே இருக்கின்றது. அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழி எழுத்திற் பொறித்த கல்வெட்டுகளுள் ஆதன் என்னும் மதுரைப் பொற்கொல்லன் பெயர் காணப்படுகின்றது. அவனோடு வியகன் என்னும் உப்பு வணிகன் பெயரும், கொழு விற்றவன், அறுவை விற்றவன் ஆகியோர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கொழு என்பது ஏரின் முனை. அறுவை என்பது துணி. துறவியர்க்குத் தாம் கொடுத்த கொடையைக் கல்லிற் பொறித்தபோது அம்மக்கள் பெயரையும் சொன்னார்கள், தொழிலையும் சொன்னார்கள், ஆதன் தன் ஊரையும் சேர்த்தான். 2015-ஆம் ஆண்டு முதல் அகழப்பட்டுவரும் கீழடியிலும் பானை ஓடுகளில் ஆதன் என்னும் பெயர் கிடைத்துள்ளது. அவன் வேறு ஆதன். ஆயினும் பெயரைக் கீறிவைக்கும் வழக்கம் ஒன்றே. காப்பியத்தின் ஆயிரவர் போனார்கள். கல்லின் ஆதன் நின்றான்.

இற்றை நாளில் கல்லிற் பொறிப்பார் இலர். அவ்விடத்தை ஒளிப்படம் பிடித்துக்கொண்டது. (புகைப்படம் என்று எழுதுவோர் இன்னும் உளர். புகைக்கும் அப்படத்துக்கும் என்ன உறவு? ஒளியால் ஆவது ஒளிப்படம்.) கொல்லன், தச்சன், குயவன், நெசவாளி, கன்னான், தையற்காரர், செருப்புத் தைப்பவர் ஆகியோரை அவரவர் தொழில் செய்யும் களத்திலேயே படமெடுத்து வைக்க வேண்டும் என்னும் எண்ணம் இப்போது பலரிடம் அரும்பியிருக்கின்றது. நல்ல எண்ணமே. ஆனால் எத்தகைய படம் என்பதில்தான் சிக்கல் இருக்கின்றது. பெயரும் சொல்லும் இல்லாத படம் அந்த ஆயிரவரைப் போன்றது. பெயரோடும் சொல்லோடும் வைக்கும் படமே ஆதனைப் போல நிற்கும்.

மதுரைத் தொழிலாளரைச் சொல்லோவியமாக வரைந்தவர் மாங்குடி மருதனார். பத்துப்பாட்டுள் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சியில் அவர் கடைத்தெருவைக் காட்டுமிடத்துச் சங்கறுத்து வளை கடைபவரும், மணிகளைத் துளையிடுபவரும், பொன்னைச் சுட்டு அணிகலன் செய்பவரும், உரைத்து மாற்றுக் காண்பவரும், துணி விற்பவரும், செம்பை நிறுத்து வாங்குபவரும் வருகின்றனர். வினைதோறும் வேறு வேறு சொல் பெய்திருக்கின்றார் புலவர். அறுத்தல் வேறு, துளைத்தல் வேறு, உரைத்தல் வேறு. கருத்திற் கொள்ளவேண்டிய இன்னொன்றும் உண்டு. அதே வரிசையில், எப்பொருளையும் உள்ளவாறே ஒப்புமை காட்டித் தீட்டவல்ல ஓவியரையும் கண்ணுள் வினைஞர் என்று பெயரிட்டு நிறுத்துகின்றார். கைவினைஞரைப் பார்ப்பவனும் ஒரு வினைஞனே. அவனுக்கும் அத்தெருவில்தான் இடம். ஒளிப்படக் கருவியைத் தூக்கிவரும் இளைஞர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

மதுரைக்கு ஒளிப்படம் வந்த கதை வேறு வகையாகத் தொடங்கிற்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்ந்த இலின்னேயசு திரைப் என்னும் ஆங்கிலப் படையலுவலர் 1858-இல் மதுரையைப் படமெடுத்தார். கோயிலின் கோபுரங்கள், திருமலை நாயக்கர் அரண்மனை, புதுமண்டபத்தின் தூண்வரிசை எனக் கட்டடங்களே அவர் கண்ணை ஈர்த்தன. படங்கள் அழகியவை; தூண்களின்மேல் வெயில் விழுந்திருக்கும் பாங்கு இன்றும் வியக்கத்தக்கது. ஆனால் அங்குத் தூணே உண்டு. தூணைச் செதுக்கிய மரபின் ஆள் இல்லை. அக்காலக் கருவியில் நெடுநேரம் ஒளி வாங்கவேண்டியிருந்ததால் அசையும் மாந்தர் படத்தில் நிற்க மாட்டார் என்பது ஒரு கரணியம். ஆள்வோர் கண் பழங்கட்டடங்களைக் கணக்கெடுக்க வந்த கண் என்பது மற்றொரு கரணியம்.

மாந்தரைப் படமெடுக்கத் தொடங்கிய பின்னர் நேர்ந்தது அதனினும் வருந்தத்தக்கது. ஒளிப்படம் வருமுன்னரே தஞ்சை ஓவியரைக் கொண்டு வெள்ளையர் தொழிலாளர் படங்களை எழுதுவித்தனர். ஆணும் பெண்ணுமாக இணையிணையாக நிற்பர். ஆண் கையில் ஒரு கருவி இருக்கும். பின்னால் ஒன்றும் இராது. பட்டறை இல்லை, தறி இல்லை, தெரு இல்லை. அவ்வோவியங்கள் இன்று இலண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்சுட்டன், அரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். பெருமுயற்சி, பல செய்திகளுக்கு இன்றும் அதுவே கைவிளக்கு. ஆயினும் அவர் மக்களின் தலையையும் மூக்கையும் அளவுகோல் கொண்டு அளந்தவர். அவர் நூலிற் படத்தின்கீழ் நிற்பது குலப்பெயர், ஆளின் பெயரன்று. உயிருள்ள மாந்தனை ஒரு வகைக்கு மாதிரியாக ஆக்கிவிட்டால் அவன் கற்ற வித்தையும் பட்ட பாடும் படத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

ஆங்கில அலுவலர் எல்லாரும் அவ்வாறே செய்தனர் என்பதும் பொருந்தாது. கிரியர்சன் 1885-இல் பீகார் உழவர் வாழ்க்கை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஏர், வண்டி, செக்கு, தறி, சூளை என ஒவ்வொன்றையும் தாமே ஒளிப்படமெடுத்து, அப்படங்களினின்று வரைந்த உருவங்களை நூலிற் சேர்த்து, அவற்றின் உறுப்புகளுக்கு அவ்வூர் மக்கள் வழங்கும் பெயர்களை வட்டாரம் வட்டாரமாகத் தொகுத்தார். வண்டிச் சக்கரத்தின் உறுப்புகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. தெலுங்கர் அதே நெறியைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தனர். பத்திரிராசு கிருட்டிணமூர்த்தியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொழிற்சொல் அகரமுதலி ஒன்றைத் தொடங்கி, 1962-இல் உழவுச் சொற்களையும் 1971-இல் கைத்தறிச் சொற்களையும் தொகுதிகளாக வெளியிட்டனர். நூலறையில் அமர்ந்து தொகுத்தவை அல்ல அவை. வயலிலும் தறியடியிலும் கேட்டுத் தொகுத்தவை.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் உண்டு. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கி. இராசநாராயணன் 1982-இல் தந்தார். அரசு 1974-இல் தொடங்கிப் பாவாணரை இயக்குநராக அமர்த்திய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி 2011-இல் 31 பகுதிகளாக நிறைவெய்தியது. பாவாணர் அந்நிறைவைக் காணவில்லை. 1981 சனவரியில் இதே மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய பின் நோயுற்று இங்கேயே உயிர் நீத்தார். நூல்வழக்குக்கு இணையாக உலகவழக்கையும் சான்றாகக் கொண்டவர் அவர். உழவன் வாயிலும் கொல்லன் வாயிலும் வாழும் சொல் அவர்க்கு வேர்காட்டும் சொல்.

ஒளிப்படத்துக்கும் சொல்லுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். அணு உலை என்று எவரும் தயங்காமற் சொல்கின்றனர். அவ்வுலை எங்கிருந்து வந்தது? ஊர்க்கோடியில் கரிபடிந்த கூரையின்கீழ்க் கொல்லன் வைத்திருந்த உலையிலிருந்து வந்தது. இரும்பாலையின் ஊதுலையும் அவன் கொடுத்ததே. தொழிற்சாலைகளில் வழங்கும் பற்றவைப்பு என்னும் சொல் பொன்னையும் பித்தளையையும் பற்றாசு வைத்து இணைத்தவர் தந்தது. வார்ப்படம் கன்னான் தந்தது. கடைசற்பொறி மரங்கடைந்தவர் தந்தது. விசைத்தறி கைத்தறியின் பிள்ளை. புதிய கலைச்சொல் வேண்டும்போதெல்லாம் அறிஞர் அகரமுதலியைப் புரட்டுகின்றனர். அச்சொற்களுள் நிலைத்து நின்றவை பெரும்பாலும் பட்டறையிலிருந்து வந்தவையே. பேச்சு வழக்கிலும் அப்படித்தான். உரைத்துப் பார்த்தல், மாற்றுக் குறைதல், பட்டை தீட்டுதல், சாணை பிடித்தல் என்றெல்லாம் நாள்தோறும் பேசுகின்றவருள் உரைகல்லைக் கண்ணாற் கண்டவர் எத்துணைப் பேர்? பொருளைக் காணாத தலைமுறைக்குச் சொல் ஓசையாகவே எஞ்சும். படமும் பெயரும் சேர்ந்திருந்தால் ஓசைக்கு மீண்டும் பொருள் கிடைக்கும்.

எனவே தொழிலாளியைப் பட்டறைக்கு வெளியே அழைத்துவந்து, குளித்து வெள்ளுடை உடுத்தச் செய்து, திரைக்கு முன் நிறுத்தி எடுக்கும் படம் இப்பணிக்குப் போதாது. இர்விங் பென் என்னும் அமெரிக்கர் 1950, 1951-ஆம் ஆண்டுகளில் பாரிசு, இலண்டன், நியூயார்க்கு நகரங்களின் சிறுதொழிலாளரைத் தம் அறைக்கு வருவித்துக் கருவிகளோடு வெறுந்திரையின்முன் நிற்கவைத்து எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. கலையழகு அவற்றில் உண்டு. ஆனால் அம்மீன்காரர் எத்தெருவில் நின்றார், அக்கொல்லர் உலைக்கு எப்பக்கம் அமர்ந்தார் என்று அப்படங்களைக் கேட்டால் விடை வாராது. அவர்க்கு முன்னரே செருமனியில் ஆகசுட்டு சாண்டர் எடுத்த படங்களுள் ஒன்று, 1928-இல் எடுத்தது, ஓர் அடுமனைக்காரரைக் காட்டும். தம் அடுமனையிலேயே பெருங்கலத்தைக் கிண்டியவாறு திரும்பிப் பார்க்கின்றார் அவர். அந்நிலையில் ஆளும் தெரிகின்றார், தொழிலும் தெரிகின்றது.

கொல்லன் பட்டறைக்கே வருவோம். அது ஏன் எப்போதும் அரையிருளாக இருக்கின்றது? வறுமையால் அன்று. இரும்பின் சூட்டை அவன் நிறங்கண்டு அறிகின்றான். மங்கிய சிவப்பு, பழுத்த சிவப்பு, மஞ்சள், வெண்மை என்று இரும்பு நிறம் மாறும் ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு வேலைக்கு உரியது. எந்த நிறத்தில் அடிக்கவேண்டும், எந்த நிறத்தில் நீரில் தோய்க்கவேண்டும் என்பதே அவன் கல்வி. வெயிலில் அவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அங்குச் சென்று மின்னொளி பாய்ச்சிப் படமெடுத்தால் அவன் கல்வி முழுவதும் அவ்வொளியில் அழிந்துபோகும். உலையின் ஒளியிலேயே எடுத்தால்தான் அது கொல்லன் படம். எடுத்த பின் அவனைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டியவை பல: காற்று நுழையும் உலைமூக்கு, ஊதும் துருத்தி, இரும்பைப் பற்றும் குறடு, அடிதாங்கும் பட்டடை, சம்மட்டி அடிப்பவன் நிற்கும் இடம். அவ்விரும்பின் நிறங்களுக்கு அவன் வழங்கும் பெயர்கள் எவையோ அவற்றை அவன் வாய்ச்சொல்லாகவே எழுதவேண்டும். திருத்தக் கூடாது. அவன் சொல் கொச்சையாகத் தோன்றினும் முதலில் அதுவே ஏறுக. செம்மை வடிவம் பின்னர்.

இப்பகுதிக் கொல்லரைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் திருப்பாச்சேத்தி அரிவாள் ஒன்றே. அதையும் திரைப்படங்கள் கொலைக்கருவியாகவே காட்டிக் கெடுத்தன. தென்மாவட்டம் என்றாலே அரிவாள், அரிவாள் என்றாலே வெட்டு என்னும் பழி ஒரு தொழிலின்மேல் ஏறிவிட்டது. கதிரறுக்க ஓர் அரிவாள், கருக்குள்ள பல்லரிவாள் ஒன்று, பனையேறிப் பாளை சீவ ஒன்று, ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கழியில் கட்டும் தொரட்டி ஒன்று, விறகு வெட்ட ஒன்று என அலகின் வளைவும் காம்பின் நீளமும் வேலைக்கேற்ப வேறுபடுகின்றன. பட்டறைச் சுவரில் அவற்றை வரிசையாக மாட்டி ஒரே படமாக எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் பெயரெழுதி வைத்தால், அவ்வொரு படம் நூறு திரைப்படங்களுக்கு விடை சொல்லும். வெட்டுவதற்காக அன்று, அறுப்பதற்காகவே அக்கொல்லன் உலை மூட்டினான் என்பது கண்முன் நிற்கும்.

தொழிற்களம் என்பது நான்கு சுவர்க்குள் அடங்குவதும் அன்று. குயவர்க்குத் திகிரி மட்டும் களமா? மண்ணெடுக்கும் கண்மாயும், மண் மிதிக்கும் முற்றமும், பானை காயும் தெருவும், சூளையும், சூளைக்கு விறகு அடுக்கும் கொல்லையும் களமே. இவ்வூர்க்கு அண்மையில் விளாச்சேரி இருக்கின்றது. கொலுப் பொம்மைகளுக்கும், கிறித்துவப் பெருநாட் குடில்களுக்கு வேண்டிய உருவங்களுக்கும் பெயர்பெற்ற குயவரூர் அது. அங்குச் செல்வோர் வண்ணந்தீட்டி அடுக்கிய பொம்மைகளையே படமெடுத்துத் திரும்புகின்றனர். பெண்கள் வீட்டுத் திண்ணையில் அச்சில் மண் அழுத்துவதையும், உடைந்த விரல்களை ஒட்டுவதையும் எடுப்பவர் சிலரே. கிழக்கே மானாமதுரையின் மட்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இசையரங்கில் ஒலிக்கும் கடம் அவ்வூர்க் குயவர் தட்டித் தட்டித் தேய்த்த மண்ணின் ஓசை. மேடையில் கடம் வாசிப்பவர் படம் எங்கும் உண்டு. மரத்தட்டால் தட்டிக் கடத்தின் சுவரைச் சீராக்கும் கையின் படமோ அரிது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இலேயே அக்குறியீடு கிடைத்தது. அதிலும் சேலை கட்டிய பெண்ணின் படமே விளம்பரத்தில் வரும். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டு முடிச்சிட்டு விரல் தேய்ந்த பெண் வீட்டுக்குள் இருக்கின்றாள்.

இங்கே ஓர் ஐயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளவேண்டும். தொழிலாளியைப் போற்றுதல் வேறு; தொழிலைப் பிறப்போடு பிணைத்தல் வேறு. 1953-இல் இராசகோபாலாச்சாரியார், பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் பெற்றோர் தொழிலிலும் பயிலவேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தபோது, குலக்கல்வி என்று பெயரிட்டு அதனைத் தமிழ்நாடு எதிர்த்தது. 1954-இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. கொல்லன் மகன் பொறியாளனாவதும் குயவன் மகள் மருத்துவராவதும் தமிழர் வேண்டி நின்று பெற்ற வெற்றி. பட்டறையைப் படமெடுக்க வருவோர் அவ்வெற்றியைப் பின்னுக்கிழுக்கும் ஏக்கப் பெருமூச்சோடு வரக்கூடாது. மகன் பொறியாளனாகட்டும், தந்தை அறிந்த சொல்லும் முறையும் மகனோடு போகட்டும். தந்தையின் படத்தின்கீழ்க் குலப்பெயர் வேண்டா. அவர் பெயர் வேண்டும்.

போற்றவே கூடாத தொழில்களும் உண்டு. மதுரையிற் பிறந்த எம். பழனிக்குமார் என்னும் ஒளிப்படக்காரர் கழிவுநீர்க் குழிகளில் இறங்கும் துப்புரவுப் பணியாளரையும், அக்குழிகளில் மாண்டவர் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்காகப் படமெடுத்தவர். 2017-இல் திவ்வியபாரதி இயக்கிய கக்கூசு என்னும் ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. மாந்தக் கழிவை மாந்தர் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் விலக்கின, சாவுகள் நிற்கவில்லை. அப்படங்கள் காத்துவைப்பதற்கு எடுத்தவை அல்ல. ஒழித்துக்கட்டுவதற்குச் சான்றாக எடுத்தவை. அங்கும் களமும் பெயரும் இன்றியமையாதவை. இறந்தவர் பெயர் இல்லையேல் அவரும் ஓர் எண்ணிக்கை ஆகிவிடுவார். அதே பழனிக்குமார் மீன் விற்கும் தம் தாயின் உழைப்பையும் படமெடுத்துள்ளார். அயலார் கண்ணுக்கும் மகன் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு அப்படங்களில் விளங்கும். அவர் படங்கள் பல வெளிவருவது 2014-இல் சாய்நாத்து தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணகத்தில். அதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் பாரி என்று அமைந்துவிட்டது. பறம்புமலைப் பாரியின் பெயர் அங்கு அறியாமலே வந்தமர்ந்தது தமிழர்க்கு இனிக்கும். உழைப்பவர் பெயரையும் ஊரையும் படத்தோடு சேர்த்தே வெளியிடுவது அவ்வாவணகத்தின் வழக்கம். அச்செய்திகளுள் பல தமிழிலும் கிடைக்கின்றன.

எடுத்த படத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. சாண்டரின் நூலை நாசிக் கட்சியினர் 1936-இல் பறித்து அதன் அச்சுத்தகடுகளை அழித்தனர். 1946-இல் நேர்ந்த தீயில் ஏறத்தாழ 30,000 எதிர்ப்படச் சுருள்களும் தகடுகளும் எரிந்தன. தமிழர்க்கு அயல்நாட்டுச் சான்று வேண்டுவதில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஒரே ஒரு படியாக இருந்த ஏடுகள் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட மக்களின் வழித்தோன்றல்களே 2005-இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஒரு படி அழிந்தாலும் மறுபடி நிற்குமாறு செய்தனர். பழங்காநத்தத்துப் பட்டறையின் படமும் ஓர் ஒளிப்படக்காரரின் பெட்டிக்குள் கிடக்கலாகாது. ஒரு படி பட்டறையில் தொங்கட்டும், ஒன்று ஊர்ப்பள்ளியில், ஒன்று நூலகத்தில், ஒன்று மின்னூலகத்தில். முதற்படி பட்டறைக்கு என்பதில் பிழை நேரக்கூடாது. கேட்டு எடுப்பதும், எடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அடிப்படை முறை. உழைப்பவர் முகத்தை விலையின்றி வாங்கிக்கொண்டு போய்க் கண்காட்சியில் பெயர்பெறுவது தர்சுட்டனின் அளவுகோலினும் சிறந்த செயலன்று.

பழைய தொழில்களை மட்டுமே தேடி ஓடுவதும் குறையே. பழங்காநத்தத்துச் சாலையோரங்களில் ஊர்தி பழுதுபார்ப்போர் எத்துணைப் பேர்! எண்ணெய் படிந்த கையால் அவர் திருப்பும் கருவிக்கு ஆங்கிலப் பெயரே வழங்குகின்றது, வருத்தந்தான். ஆயினும் திருகாணியின் புரிக்கு மரை என்பதை அவர் விடவில்லை. மரை கழன்றவன் என்று ஊரார் ஒருவனை எள்ளும்போது அப்பட்டறைச் சொல்லே எல்லார் வாயிலும் ஏறிவிடுகின்றது. எந்தச் சொல் பிழைத்தது, எது போயிற்று என்று அறிய வேண்டுமானால் அவர் வேலை செய்யும்போது அருகில் அமர்ந்து கேட்கவேண்டும். ஐம்பதாண்டு கழித்து அவர் பட்டறையும் பழம்பொருளாகும்.

புதுமண்டபத்தைத் திரைப் 1858-இல் எடுத்த படத்தில் தூண்வரிசை மட்டும் நின்றதைக் கண்டோம். பின்னர் அத்தூண்களிடையே கடைகள் நிறைந்தன. நூற்கடையும் ஏனக்கடையும் ஒருபால், தையற்காரர் மறுபால். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் புனைவோர்க்கு வேண்டிய உடைகளை அங்குத் தைத்தவருள் இசுலாமியர் பலர். கல்லிற் செதுக்கிய உருவத்தின் காலடியில் தையற்பொறி ஓடிக்கொண்டிருக்கும். மீனாட்சி திருமணத்தைப் பார்த்துக்கொண்டே பட்டுக்கரை மடித்துத் தைக்கும் காட்சி உலகில் வேறெங்கும் இருந்திராது. 2020-க்குப் பின் வந்த ஓரிரண்டு ஆண்டுகளில், மண்டபத்தைக் காக்கும் பொருட்டுக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்தில் எழுப்பிய புதுக்கட்டடத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களைக் காக்க அம்மாற்றம் வேண்டியதே. மண்டபம் இன்று திரைப்பின் படம் போலவே ஆயிற்று: வெயில், தூண், வெறுமை. சுற்றுலா வந்தவர் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவற்றில் தையற்காரர் தலை ஓரத்தில் தெரியும், பெயர் தெரியாது. ஆனால் தைத்த கைகள் இன்னும் சத்திரத்துக் கட்டடத்தில் தைத்துக்கொண்டிருக்கின்றன. எந்தத் தூணருகில் எவர் தையற்பொறி இருந்தது, அழகர் வேடத்துச் சல்லடத்துக்கு எத்தனை முழம் துணி, தலைப்பாகையின் எப்பகுதிக்கு எப்பெயர் என்பனவற்றை மூத்த தையற்காரர்கள் இன்றைக்கும் விரல்விட்டுச் சொல்வார்கள். சித்திரைக்கு முந்திய திங்களில் அவர்களுக்கு ஓய்விராது. விழா முடிந்து பத்து நாள் கழித்துச் சென்றால் அமர்ந்து பேசுவார்கள்.